சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போகும் இசைக்குழு: காலால் மிதித்து எவ்வளவு சத்தம் எடுக்க முடியும்?

சக்கரம்77 எழுதியது:

நண்பர்களே, ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். இங்கே சைக்கிள்காரர்களும் இருக்கிறீர்கள், சவுண்ட் வேலை தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ஜிஞ்சர் நிஞ்ஜாஸ் என்று ஒரு இசைக்குழு உண்டு. 2007 கடைசியில் வட கலிஃபோர்னியாவிலிருந்து சைக்கிளில் கிளம்பி, தென் மெக்சிகோ வரை போனார்கள். பின்னாலேயே சாமான் ஏற்றிக்கொண்டு வேன் எதுவும் வரவில்லை. கிட்டார், பேஸ், டிரம்ஸ், மைக், ஸ்பீக்கர், கூடாரம், அடுப்பு, பாத்திரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. ஒரு ஊருக்குள் போனதும் அதே சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, ஆட்கள் ஏறி மிதிக்க, அதில் வரும் மின்சாரத்தில் கச்சேரி நடக்கும். மிதிப்பது பெரும்பாலும் பாட்டுக் கேட்க வந்த ஊர்க்காரர்கள்தான்.

இதைப் படித்ததும் எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊர் மைதானத்தில் வருடத்துக்கு ஒருமுறை, தரையில் கால் வைக்காமல் ஏழு நாள் சைக்கிள் ஓட்டுகிறவர் வருவார். சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே. நடுவில் நட்ட கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ராத்திரி முழுக்கப் பாட்டு. சைக்கிளும் பாட்டும் ஒரே இடத்தில் எனக்கு அப்படித்தான் பதிந்தது. ஆனால் அங்கே பாட்டுக்குக் கரண்ட் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. இங்கே சக்கரத்திலிருந்தே வருகிறது. அந்த ஒரு வித்தியாசம்தான் என்னைத் தூங்க விடவில்லை.

கேள்வி இதுதான். ஒரு முழு பேண்டுக்கு வேண்டிய சத்தம் நிஜமாகவே காலிலிருந்து வருமா? அவ்வளவு எடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியுமா? நம்மால் சின்ன அளவில் செய்து பார்க்க முடியுமா?


மின்பொறி எழுதியது:

வரும். ஆனால் எங்கே சிக்கனம் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண உடல்வாகு உள்ள ஒருவர் ஒரு மணிநேரம் விடாமல் மிதித்தால் 75 முதல் 100 வாட் தருவார். தினமும் ஓட்டிப் பழகியவர் 150, 200 தருவார். உலகத் தரப் பந்தய வீரர்கள்தான் ஒரு மணிநேரத்துக்கு 400 வாட்டைத் தாண்டுவார்கள். அதுவும் அத்தனையும் மின்சாரமாக மாறாது. டயர் மேல் ரோலரை அழுத்தி மோட்டாரைச் சுற்ற வைத்தால் டயர் நசுங்குவதிலேயே கணிசமாகப் போய்விடும். சக்கரத்தின் நடுவிலேயே ஹப் மோட்டார் இருந்து அதை ஜெனரேட்டராகப் பயன்படுத்தினால் இழப்பு குறைவு. நாலு பேர் மிதித்தால் 250, 300 வாட் கைக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது, "எங்கள் தெரு மண்டபத்திலேயே 2000 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வைத்திருக்கிறார்களே, 300 வாட்டில் என்ன கேட்கும்" என்பதுதான். ஆம்ப் மேல் எழுதியிருக்கும் எண் அதன் உச்சம். பாட்டு எப்போதும் உச்சத்தில் ஓடுவதில்லை. டிரம் அடி விழும் ஒரு கணம் உச்சம், அடுத்த கணம் இறக்கம். சராசரி எடுத்தால் உச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் வரும். 1000 வாட் ஆம்ப் சராசரியாக 125 வாட்தான் ஸ்பீக்கருக்குத் தள்ளுகிறது. பழைய வகை ஆம்ப் என்றால் வாங்குவதில் பாதியைச் சூடாக்கியே தொலைத்துவிடும். இப்போதைய கிளாஸ் டி வகை ஆம்ப், வாங்குவதில் 85 சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ஆக, 150 வாட் இருந்தால் அந்த ஆம்ப் ஓடும். இரண்டு மூன்று பேர் போதும்.

இதைவிட முக்கியமானது ஸ்பீக்கர். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்று ஸ்பீக்கர் பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். வீட்டு ஸ்பீக்கர் 85 இருக்கும். நல்ல மேடை ஸ்பீக்கர் 95 இருக்கும். வெறும் 10 தானே என்று தோன்றும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு வாட். அதாவது, ஸ்பீக்கரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஒருவர் மிதிக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர் மிதிக்க வேண்டும். ஆளைக் கூட்டுவதற்கு முன் ஸ்பீக்கரை மாற்றுங்கள்.

95 டெசிபல் ஸ்பீக்கருக்கு உச்சத்தில் 100 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 115. திறந்த மைதானத்தில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 குறையும். 16 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 91 வந்து சேரும். நெருங்கி நிற்கும் இருநூறு முந்நூறு பேருக்கு அது தாராளம்.

சக்கரம்77 சொன்ன குழாய் ஸ்பீக்கர் இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், சில வாட்டிலேயே ஊர் முழுக்கக் கேட்கும். பேஸ் மட்டும் வராது.


நாலுதந்தி எழுதியது:

சார், ஒரு சந்தேகம். மிதிப்பவர் ஒரு நொடி அசந்தால் பாட்டு நின்றுவிடாதா? ஆள் மாறும்போது என்ன ஆகும்?


மின்பொறி எழுதியது:

நடுவில் ஒரு சேமிப்பு வேண்டும் அம்மா. பேட்டரியும் வைக்கலாம். ஆனால் இந்த வேலைக்குச் சூப்பர் கெபாசிட்டர் ரொம்பப் பொருத்தம். லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம், நொடியில் அள்ளிக் கொடுக்கும். உதாரணத்துக்கு 2.7 வோல்ட், 350 ஃபாரட் செல் பத்தை வரிசையாகக் கோத்தால் 27 வோல்ட். அதில் பாதி வோல்ட் வரை இறங்க விட்டால் 100 வாட் இழுக்கும் ஆம்ப் சுமார் 95 விநாடி ஓடும். ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏற அது போதும். ஆனால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் யாரும் மிதிக்காமல் இருந்தால் பாட்டு நிற்கும். என்னைக் கேட்டால் அது நல்லதுதான். பெரிய பேட்டரி வைத்துவிட்டால் மிதிப்பது வேடிக்கைக்கு என்று ஆகிவிடும். சேமிப்பு இல்லவே இல்லாமல் நேரடியாகக் கோத்தால் பேஸ் அடி விழும்போதெல்லாம் பெடல் கனக்கும், காலிலேயே தாளம் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. யாராவது வேகமாக மிதிக்கும்போது ஆம்ப் அதிகம் இழுக்கவில்லை என்றால் வோல்ட் எகிறும். அதைத் தடுக்கும் சர்க்கியூட் இல்லாமல் எதையும் சேர்த்துவிடாதீர்கள்.


ஓக்லண்ட்வாசி எழுதியது:

மின்பொறி சார் கணக்கில் சொன்னதை நான் காலில் உணர்ந்திருக்கிறேன். அதனால் எழுதத் தோன்றியது.

சான்ஃபிரான்சிஸ்கோவில் சைக்கிள் இசை விழா என்று ஒன்று, 2007-இல் பால் ஃப்ரீட்மன், கேப் டொமிங்கஸ் என்ற இரண்டு இசைக்காரர்கள் தொடங்கினார்கள். ஃப்ரீட்மன் ராக் தி பைக் என்ற பெயரில் இந்த மிதி மேடைகளைக் கட்டுகிறவர். விழாவுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு பூங்காவில் கச்சேரி நடக்கும். முடிந்ததும் மேடையையே பிரித்து சைக்கிளில் ஏற்றி, கூட்டம் முழுவதும் சைக்கிளில் அடுத்த பூங்காவுக்குப் போகும். போகிற வழியிலும் பாட்டு நிற்காது, ஓடுகிற சைக்கிள் மேலேயே வாசித்துக்கொண்டு வருவார்கள். நான் இங்கே குடிவந்த புதிதில், பத்து வருடத்துக்கு மேல் இருக்கும், அலுவலக நண்பர் ஒருவர் கூப்பிட்டதால் போனேன்.

முதலில் கூட்டத்தில் நின்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். மேடைக்கு இரண்டு பக்கமும் வரிசையாக சைக்கிள்கள், எல்லாவற்றிலும் ஆள். பக்கத்தில் ஒரு வண்ண விளக்குக் கம்பம். வோல்ட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அந்த விளக்கின் உயரம் காட்டும். ஒரு பாட்டு நடுவில் விளக்கு மளமளவென்று இறங்கியது. மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்தாமலே கையை மட்டும் நீட்டினார். என் பக்கத்தில் காலியாக ஒரு சீட். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த இருபது நிமிடம் என் வாழ்க்கையில் மறக்க முடியாதது. என் இடப்பக்கம் பத்து வயதுப் பையன் ஒருவன், வலப்பக்கம் என் அம்மா வயதில் ஒரு பெண்மணி. யாரும் யாரையும் அறியோம். மூன்று பேர் கண்ணும் அந்த விளக்கு மேல். விளக்கு இறங்கினால் மூன்று பேரும் சேர்ந்து அழுத்துவோம். ஏறினால் மூச்சு விடுவோம். ஊரில் தேர் இழுக்கும்போது வடத்தில் கை வைத்ததும் முன்னால் யார், பின்னால் யார் என்று பார்க்கத் தோன்றாது இல்லையா, அது போலத்தான் இருந்தது.

அன்றைக்கு என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டால் ஒரு வரிகூட நினைவில்லை. ஆனால் அந்த விளக்கின் நிறம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.


கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதைச் சுற்றுச்சூழல் சேவை என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது.

பத்துப் பேர் ஒரு மணிநேரம் வியர்வை சொட்ட மிதித்தால் 1 யூனிட் கரண்ட் வரும். வீட்டில் அதற்குச் சில ரூபாய்தான் கட்டுகிறோம். மிதிப்பவர் உடம்பும் ஒரு என்ஜின்தான். சாப்பிட்ட ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூடக் காலுக்கு வருவதில்லை. 100 வாட் மின்சாரத்தை ஒரு மணிநேரம் கொடுக்க வேண்டுமானால் ஒன்பது பத்து இட்லி அளவுக்கு உடம்பு எரிக்கும். அந்த மாவை அரைக்க, அரிசி விளைய, வண்டியில் வர ஆன எரிபொருள் வேறு. அமெரிக்காவில் அது மாட்டிறைச்சியாக இருந்தால் கணக்கு இன்னும் மோசம். கூரையில் சின்ன சோலார் தகடு வைத்தால் இதைவிட நன்றாக வேலை செய்யும்.

கோல்ட்பிளே 2022-இல் தொடங்கிய உலகப் பயணத்தில் ரசிகர்கள் மிதிக்க சைக்கிள் வைத்தார்கள், குதித்தால் கரண்ட் வரும் தளமும் போட்டார்கள். ஆனால் ஒரு ஸ்டேடியத்துக்கு வரும் கூட்டம் கார்களிலும் விமானங்களிலும் எரிப்பதற்கு முன்னால் மேடைக் கரண்ட் எந்த மூலைக்கு? நல்ல எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்கிறேன்.


மின்பொறி எழுதியது:

கணக்கு சரிதான். மறுக்க மாட்டேன்.


நெடுவழி எழுதியது:

கணக்குப்பிள்ளை சொல்வது மேடைக்குப் பொருந்தும், பயணத்துக்குப் பொருந்தாது. உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மணிநேரக் கச்சேரிக்கு சராசரி 150 வாட் என்றால் மொத்தம் 0.3 யூனிட். அதே குழு ஒரு வேனில் 80 கிலோமீட்டர் போனால் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் வீதம் 8 லிட்டர் டீசல். ஒரு லிட்டரில் சுமார் 10 யூனிட் அளவு ஆற்றல் இருக்கிறது. ஆக 80 யூனிட். 0.3 எங்கே, 80 எங்கே! மிதித்துக் கரண்ட் எடுப்பது கண்ணுக்குத் தெரிகிற பகுதி. வேனை விட்டுவிட்டு வந்ததுதான் பெரிய பகுதி.

அடுத்தது, எடை. நான் 2016-இல் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை கடற்கரைச் சாலையில் தனியாக ஓட்டினேன். பத்து நாள். சைக்கிளில் 30 கிலோ சுமை. அங்கே காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசும், அதனால் எல்லோரும் வடக்கே தொடங்கித் தெற்கே போவார்கள். மெக்சிகோ நோக்கிப் போன இவர்களுக்கும் கலிஃபோர்னியா முழுக்க அந்தக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியிருக்கும். எதிரே ஓட்டி வந்தவர்கள் சிலரைப் பார்த்தேன். முகத்திலேயே தெரிந்தது.

சமதளத்தில் எடை அவ்வளவாகத் தெரியாது. உருட்டிவிட்டால் உருண்டுகொண்டே இருக்கும். மேட்டில்தான் ஒவ்வொரு கிலோவும் பேசும். 50 கிலோ ஸ்பீக்கர், ஆம்ப் எல்லாம் சேர்த்து 1000 மீட்டர் மலை ஏற்றினால், அந்தச் சாமானைத் தூக்குவதற்கு மட்டும் 490 கிலோஜூல் வேண்டும். 100 வாட் தரும் ஒருவர் ஒரு மணி இருபது நிமிடம் கூடுதலாக மிதிக்க வேண்டும். ஒரு கணவாய் தாண்டினால் பாதிக் கச்சேரிக்கான உழைப்பு மலையிலேயே போய்விடுகிறது. அதனால்தான் மின்பொறி சார் சொன்ன ஸ்பீக்கர் விஷயம் சைக்கிள் குழுவுக்கு இரண்டு மடங்கு முக்கியம். குறைந்த வாட்டில் கத்த வேண்டும், குறைந்த கிலோவில் இருக்கவும் வேண்டும்.

பிக் சர் மலைப்பகுதியில் என் பின்சக்கரத்தில் செயின் பக்கம் ஒரு போக்ஸ் கம்பி அறுந்தது. சுமை ஏற்றிய சைக்கிளில் முதலில் அறுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கிளம்பும் முன் ஒரு கடையில் வீலைப் பெண்டு எடுக்கக் கொடுத்திருந்தேன், கம்பிகளைச் சமமாக முறுக்காமலே கொடுத்துவிட்டார்கள். மாற்றுக் கம்பி இருந்தது, பல்சக்கரத்தைக் கழற்றும் சாவி இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். அதற்குப் பிறகு அந்தச் சாவி இல்லாமல் நான் எங்கும் கிளம்புவதில்லை.


சக்கரம்77 எழுதியது:

நெடுவழி அண்ணே, அவர்கள் ஓட்டியது நீளமான சைக்கிள் இல்லையா? படங்களில் பின்பக்கம் ரொம்ப நீண்டிருக்கிறதே.


நெடுவழி எழுதியது:

ஆமாம். அதற்கும் அந்தக் குழுவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1990களின் நடுவில் ராஸ் எவன்ஸ் என்ற பொறியாளர் நிகராகுவாவில், ஏழை மக்கள் தங்கள் சைக்கிளிலேயே நிறையச் சாமான் ஏற்றிப்போக என்ன செய்யலாம் என்று முயன்று பார்த்தார். சைக்கிளின் பின்சக்கரத்தை சுமார் 38 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி, நடுவில் சுமைக்கு இடம் உண்டாக்கும் ஒரு சட்டம் அதிலிருந்து பிறந்தது. எக்ஸ்ட்ராசைக்கிள் என்ற கம்பெனி அதை விற்றது. ஜிஞ்சர் நிஞ்ஜாஸ் குழுவை நடத்தும் கிப்சோகி ஸ்பென்சர் அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதாவது, இவர் முதலில் சுமை சைக்கிள்காரர். அப்புறம்தான் சைக்கிள் பாட்டுக்காரர்.

நம் ஊர்க் கேரியரில் சுமை பின்சக்கரத்துக்கு மேலேயும் பின்னாலும் உட்காரும். மூட்டை உயர உயர ஹாண்டில் ஆடும். நீள சைக்கிளில் சுமை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், பக்கவாட்டில் தாழ்வாக உட்காரும். ஸ்பீக்கரை ஒரு பக்கமும் ஆம்ப், கூடாரம் எல்லாம் மறுபக்கமும் சமமாகக் கட்டினால் இறக்கத்தில்கூட நிதானமாகப் போகும். நான் வாடகைக்கு எடுத்து ஒரு நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். திரும்புவதற்கு மட்டும் அகலமான இடம் வேண்டும்.


நாலுதந்தி எழுதியது:

எல்லோரும் கால் பற்றியே பேசுகிறீர்கள். நான் கை பற்றிப் பேசுகிறேன். வயலின் வாசிக்கிறேன், ஓரளவு சைக்கிளும் ஓட்டுகிறேன்.

ஒருமுறை ஐந்து நாள் சவாரி போய், கடைசி நாள் மாலை நண்பர் வீட்டில் வாசிப்பதாக ஏற்பாடு. வயலினை முதுகில் போட்டுக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்து கழுத்தில் வைத்ததும்தான் தெரிந்தது, இடது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடந்தன. தந்தி மேல் விரல் இருக்கிறதா இல்லையா என்றே உணர்வு இல்லை. இரண்டு ராகம் வாசிக்க நினைத்தவள் அரை மணியில் முடித்துக்கொண்டேன். மருத்துவர் பார்த்துவிட்டு, ஹாண்டிலில் உள்ளங்கையின் வெளி ஓரம் அழுந்தி அழுந்தி அந்த வழியாகப் போகும் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். சரியாக இரண்டு வாரம் ஆயிற்று. சைக்கிள்காரர்களுக்கு வழக்கமாக வருவதுதானாம். ஆனால் கணினி வேலை செய்பவருக்கு மரத்துப்போவதும் தந்தி வாத்தியக்காரருக்கு மரத்துப்போவதும் ஒன்றா?

அதனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அன்றைக்கே கிட்டார் வாசித்தார்கள் என்று படிக்கும்போது நான் முதலில் யோசிப்பது அவர்கள் ஹாண்டில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதுதான். உயர்த்திக்கொள்ளுங்கள். பஞ்சு வைத்த கையுறை போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். மரத்துப்போன பிறகு மாற்றிப் பயனில்லை.

வாத்தியத்துக்கும் ஆபத்து உண்டு. வயலின், செல்லோ எல்லாம் விலங்குப் பசையால் ஒட்டியவை. கறுப்புப் பெட்டியில் வைத்து வெயிலில் நாள் முழுக்க ஓட்டினால் பசை இளகி ஓரம் விடும். கென்டக்கியைச் சேர்ந்த பென் சொல்லி என்ற செல்லோக் கலைஞர் 2009-இல் லெக்சிங்டனிலிருந்து டென்னசியில் நடக்கும் பானரூ இசை விழாவுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளில் போனார். நெடுவழி சொன்ன அதே நீளச் சட்டத்தில் செல்லோவைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு. மிதித்துக் கரண்ட் எடுக்கவில்லை, பயணம் மட்டும் சைக்கிள். ஒரு செல்லோவை ஜூன் மாத வெயிலில் அப்படிக் கொண்டுபோக எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கனடாவில் ஆன்டாரியோ மாகாணத்தில் சைக்கிள் ஆபரா என்று ஒரு குழு 2012 முதல் பல கோடைகளில் ஊர் ஊராக சைக்கிளில் போய் ஆபரா நடத்தியது. ஆபராப் பாடகருக்கு மைக் தேவையில்லை. மின்சாரப் பிரச்சினையே இல்லை. நம் தெருக்கூத்தும் நாதஸ்வரமும் தவிலும் அப்படித்தான், ஆம்ப் வருவதற்கு முன்னாலேயே திறந்தவெளிக்குப் பிறந்தவை. எனக்குத் தோன்றுவது, சைக்கிள் குழு ஒன்று தொடங்கினால் முதலில் எது மைக் இல்லாமலே கேட்கும் என்று பார்த்து வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குரலுக்கும் என் வயலினுக்கும் மட்டும் மிதித்தால் போதும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

நாலுதந்தி சொன்ன கடைசி விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. நெடுவழியின் வேன் கணக்கையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குழு சைக்கிளில் வருகிறது, சரி. கேட்க வருபவர்கள்? 300 பேர் ஆளுக்கு 20 கிலோமீட்டர் காரில் வந்து போனால் அந்த 80 யூனிட் மிச்சம் காணாமல் போய்விடுமே.


ஓக்லண்ட்வாசி எழுதியது:

நான் போன விழாவின் விடை அதற்குத்தான். மேடை பூங்காவுக்குப் பூங்கா நகர்கிறது. காரில் வந்தால் அடுத்த பாட்டுக்குக் கார் நிறுத்த இடம் தேட வேண்டும். சைக்கிளில் வந்தால் பாட்டோடு சேர்ந்தே போகலாம். அதனால் எல்லோரும் சைக்கிளில் வந்தார்கள். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. ஏற்பாடு அப்படி.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓக்லண்டிலிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டுதான் போனேன். அதுவரை இந்த ஊரில் சைக்கிளை ரயிலில் ஏற்றலாம் என்பதே எனக்குத் தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து அலுவலகத்துக்கும் அப்படியே போக ஆரம்பித்தேன். இன்றுவரை போகிறேன். நீங்கள் போடும் கணக்கில் இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் என்று தெரியவில்லை, ஆனால் எழுத வேண்டும்.

மெக்சிகோவின் குவாதலஹாராவில் 2004 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளில் கார்களை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். அந்த மாதிரி ஊரில் சைக்கிளில் ஒரு பேண்டு வந்து இறங்கினால், கேட்பவர்கள் ஏற்கெனவே சைக்கிள் மேல்தான் இருப்பார்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

அதை எழுதுகிறேன். கேட்க வருபவரின் பயணம் என்று ஒரு பத்தி போட்டு முதல் வரியிலேயே எழுதுகிறேன். இதுவரை நான் மேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.


மிருதங்கம்பாலு எழுதியது:

பிழைப்புக்கு என்ன வழி என்று யாரும் கேட்கவில்லையே. வேனில் போகும் குழு ஒரே ராத்திரியில் 500 கிலோமீட்டர் தாண்டி மறுநாள் அடுத்த நகரத்தில் வாசிக்கும். சைக்கிளில் நாளைக்கு 60, 80 கிலோமீட்டர்தான். பெரிய நகரங்களுக்கு நடுவில் ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் சாப்பிட வேண்டும். நான் கச்சேரியை நம்பிப் பிழைப்பவன், அதனால் கேட்கிறேன்.

ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே விடையும் தோன்றுகிறது. அந்த 60 கிலோமீட்டருக்கு ஒரு சின்ன ஊர் கட்டாயம் வரும். வேன்காரர்கள் கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்காத ஊர். அங்கே நின்றுதான் ஆக வேண்டும், இருட்டிவிடும். பள்ளிக்கூடத்திலோ சந்தை மைதானத்திலோ வாசித்தால் ராத்திரி சாப்பாடும் படுக்க இடமும் கிடைக்கும். எங்கள் தாத்தா காலத்து நாடகக் குழுக்கள் மாட்டு வண்டியில் அப்படித்தான் போயின. வண்டி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்தில் அடுத்த மேடை. ஆனாலும் இன்றைய வாடகையும் பிள்ளைகள் படிப்புச் செலவும் உள்ளவனுக்கு வருடம் முழுக்க இது ஒத்துவராது. ஒரு மாதம் போகலாம்.


சக்கரம்77 எழுதியது (மூன்று மாதம் கழித்து):

இந்த இழையை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

என் பழைய 22 அங்குல சைக்கிளை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினேன். பழைய மின் ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய 24 வோல்ட் மோட்டார், அதன் முனையில் ரோலர். ரோலர் டயரில் அழுந்த ஸ்பிரிங். 2.7 வோல்ட், 500 ஃபாரட் கெபாசிட்டர் ஆறு, வரிசையாக. 12 வோல்ட்டில் ஓடும் சின்ன கிளாஸ் டி போர்டு. ஸ்பீக்கருக்கு, ரேடியோ செட் போடும் ஒரு அண்ணனிடம் பழைய குழாய் ஒன்றை வாங்கினேன்.

முதல் நாள் ஆம்ப் போர்டு எரிந்துவிட்டது. மின்பொறி சார் சொன்ன அதே காரணம். வோல்ட்டைத் தடுக்கும் சர்க்கியூட் இன்னும் வந்து சேரவில்லை, அவசரப்பட்டு, கெபாசிட்டரையும் சேர்க்காமல் நேரடியாகக் கோத்துப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பையன் உற்சாகத்தில் நின்றுகொண்டு மிதித்தான். மீட்டர் 30 காட்டியது, புகை வந்தது. பையன் அழ ஆரம்பித்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை என்று புரிய வைக்க ஒரு மாலை ஆயிற்று. அடுத்த வாரம் சர்க்கியூட்டோடு சேர்த்து முதலில் மிதித்தது அவன்தான்.

இப்போது நன்றாக ஓடுகிறது. என் நண்பர் ஹார்மோனியம் வைத்துப் பாட, ஒருவர் மிதித்தால் போதுமானதாக இருக்கிறது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் மூன்று நிமிடம் பாட்டு வந்தது. அந்த மூன்று நிமிடத்தில் தெருவில் ஒரு விஷயம் கவனித்தேன். குழந்தைகள் பாட்டைக் கேட்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தார்கள். மூன்றாவது நிமிடம் குரல் கரகரத்து அடங்க ஆரம்பித்ததும் நாலு பேர் ஒரே நேரத்தில் சீட்டுக்கு ஓடினார்கள். ஓக்லண்ட்வாசி எழுதியது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அடுத்த ஞாயிறு எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளி மைதானத்துக்கு எல்லாவற்றையும் அதே சைக்கிளில் ஏற்றிப் போகிறோம். ஹார்மோனியத்தோடு எடை போட்டேன், 34 கிலோ. நெடுவழி அண்ணே, பின்சக்கரத்தில் 40 கம்பி. தாங்குமா?


நெடுவழி எழுதியது:

எட்டு கிலோமீட்டருக்குத் தாராளமாகத் தாங்கும் தம்பி. கிளம்பும் முன் செயின் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து நெருக்கிப் பார். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் அன்றே முறுக்கு. டயரில் காற்று நிறைய வை. குழாய் ஸ்பீக்கரைக் கேரியர் மேல் நிமிர்த்திக் கட்டாதே, பக்கவாட்டில் படுக்க வைத்து, ஹார்மோனியத்தை எதிர்ப்பக்கம் தொங்கவிடு. டயரில் ரோலர் தேய்க்கும் இடத்தில் ரப்பர் மெலிந்திருக்கும், அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பு.


நாலுதந்தி எழுதியது:

பள்ளி மைதானம் எந்தப் பக்கம் என்று தனிமடலில் சொல்லுங்கள். வயலினுக்கும் ஒரு மைக் இழுக்க உங்கள் போர்டில் இடம் இருக்கிறதா?